கூடங்குளம்: கழற்றிப்போட்ட ஃபில்டர்கள் எங்கே போகின்றன? (விவாத இழை)

ராதாபுரம்_வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பஞ்சாயத்துக் கிராம சபையில் ஒரு பெரியவர் எழுந்து, "உலைக்குள்ள மாட்டுற ஃபில்டரெல்லாம் அழுக்கானா கழத்தி எங்க போடுதாவ?" என்று கேட்டார். கூட்டத்தில் ஆளுக்கொரு பதில். ரஷ்யாவுக்குக் கப்பலில் போகிறது என்றார் ஒருவர். கடலில் கொட்டுகிறார்கள் என்றார் இன்னொருவர். கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போகிறது என்று மூன்றாமவர். அதிகாரிகள் யாரும் வாய் திறக்கவில்லை.

கேள்வி நியாயமானது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்தப் பெரியவருக்கும் ஒரே மாதிரி விளங்கும்படி யாராவது சொல்லுங்கள். உலை வேண்டும், வேண்டாம் என்ற சண்டையை இந்த இழையில் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம். அது வேறு இழைகளில் நிறைய நடந்துவிட்டது.

பழைய_பேட்ஜ் (வள்ளியூர்)

வாத்தியார் ஐயா, பணிக்காலம் முழுக்க அணுமின் நிலையங்களின் கழிவுப் பிரிவில் இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். ரஷ்யா, கோலார் பேச்செல்லாம் எரிந்து முடிந்த யுரேனிய எரிபொருளைப் பற்றியது. 1988 ஒப்பந்தப்படி அது சோவியத் நாட்டுக்கே திரும்பப் போவதாக இருந்தது. 1998இல் அது மாறி, இந்தியாவே வைத்துக்கொள்வது என்று ஆனது. கோலார் பெயர் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடக்கவிருந்து தள்ளிப்போன கருத்துக்கேட்புக் கூட்டமும் அந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் கட்டடத்துக்குத்தான். அது மிகக் கடுமையான சரக்கு. அதன் கதையே தனி.

பெரியவர் கேட்டது ஃபில்டர். இதில் மூன்று வகை உண்டு.

ஒன்று, காற்று ஃபில்டர். உலைக் கட்டடத்துக் காற்று புகைபோக்கிக்குப் போகும் முன் ஹெப்பா ஃபில்டரைத் தாண்ட வேண்டும். கண்ணாடி இழைத் தாளை மடித்து மடித்துச் சட்டத்துக்குள் அடுக்கியிருப்பார்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். அயோடின் வாயுவுக்குத் தனியாகக் கரி ஃபில்டர்.

இரண்டு, தண்ணீர் ஃபில்டர். உலைக்குள் சுழன்று ஓடும் தண்ணீரில் குழாய், வால்வு உலோகங்கள் மிக நுண்ணிய அளவில் தேய்ந்து கலக்கும். அந்தத் துகள் உலைக்குள் நியூட்ரான் பட்டுக் கதிரியக்கம் உள்ளதாக மாறும். கோபால்ட்-60 அப்படி வருவதுதான். அதைப் பிடிப்பது கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்.

மூன்று, ரெசின். மீன் சினை மாதிரி சின்னச் சின்ன மணிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. தண்ணீரில் கரைந்திருக்கும் சீசியம் போன்ற கதிரியக்கப் பொருள்களை இவை இழுத்து வைத்துக்கொள்ளும். இழுக்கும் சக்தி தீர்ந்ததும் தொட்டியில் உள்ள ரெசின் முழுவதையும் மாற்ற வேண்டும்.

ஒரு ஹெப்பா ஃபில்டரைக் கழற்றுவது எப்படி என்று சொல்கிறேன், அப்போது வேலையின் தன்மை விளங்கும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானி இருக்கும். தூசி அடைய அடைய முள் ஏறும். குறித்த அளவைத் தாண்டியதும் மாற்ற அனுமதிச் சீட்டு எழுதுவார்கள். பருத்தி உடுப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் உடுப்பு, இரண்டு ஜோடிக் கையுறை, மணிக்கட்டில் டேப், முகத்தில் மாஸ்க், நெஞ்சில், உடம்பில் பட்ட கதிரைக் கணக்கு வைக்கும் டி.எல்.டி. பேட்ஜ். ஃபில்டர் பெட்டியின் வாயிலேயே நீளமான பிளாஸ்டிக் பை ஒன்று மாட்டியிருக்கும். ஃபில்டரை வெறும் கையால் தொடாமல், வெளிக்காற்று படாமல், அந்தப் பைக்குள்ளேயே இழுத்து, வாயை உருக்கி ஒட்டி, நடுவில் வெட்டிப் பிரிப்போம். பிறகு கதிர் அளக்கும் மீட்டரைப் பையின் மேற்பரப்பில் வைத்து அளந்து, தேதி, எந்த அமைப்பிலிருந்து வந்தது, மீட்டர் காட்டிய அளவு, மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டுவோம். அந்தச் சீட்டுதான் அந்தப் பையின் ஜாதகம். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

கடலோரம்

நல்லா விளக்குறீங்க அண்ணாச்சி. பையில் கட்டியாச்சு, சீட்டும் எழுதியாச்சு. அப்புறம்? எங்கள் ஆட்கள் வள்ளம் இறக்கும் கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கோபுரம்தான் தெரிகிறது. பை எந்தப் பக்கம் போகிறது என்று எங்களுக்குத் தெரியவேண்டும்.

பழைய_பேட்ஜ்

சொல்கிறேன் தாயி. மேற்பரப்பில் மீட்டர் காட்டும் அளவை வைத்து நம் நாட்டில் திடக் கழிவைத் தரம் பிரிக்கிறார்கள். மணிக்கு 2 மில்லிகிரேக்குக் (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) கீழே இருந்தால் முதல் வகை. 2 முதல் 20 வரை இரண்டாம் வகை. 20க்கு மேல் மூன்றாம் வகை. ஆல்ஃபா கதிர் விடும் சரக்கு நான்காவது, அது வேறு பாதை.

இந்த எண்ணை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். பொதுமக்களில் ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு அனுமதித்த கூடுதல் அளவு 1 மில்லிசீவர்ட். சீவர்ட் என்பது உடம்புக்கு ஏற்படும் பாதிப்பை வைத்து அளக்கும் அலகு, இந்தப் பைகளின் கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்றே. 2 மில்லிகிரே காட்டும் பையை ஒட்டி அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த ஆண்டுக் கணக்கு முடிந்துவிடும். 20 காட்டும் பை என்றால், ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக அனுமதித்த ஓராண்டு அளவு ஒரே மணி நேரத்தில் தீர்ந்துபோகும். உலக அளவில் அணுக் கழிவின் மொத்தக் கன அளவில் சுமார் 90 விழுக்காடு இந்தத் தாழ்நிலைக் கழிவு, அதாவது கதிர் குறைந்த கழிவு, மொத்தக் கதிரியக்கத்தில் இதன் பங்கோ சுமார் 1 விழுக்காடுதான். அது உண்மை. அதற்காகத் தொட்டுப் பார்க்கும் பொருள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அடுத்து, அளவைக் குறைப்பது. எரியக்கூடிய துணி, தாள் எல்லாம் இதற்கென்றே உள்ள எரிப்பு அடுப்பில் சாம்பலாகும். ஹெப்பா போன்றவை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நசுங்கும். கார்ட்ரிட்ஜை ஈயக் கவசப் பாத்திரத்தில் எடுத்துப்போய் டிரம்மில் வைத்துச் சிமெண்ட் ஊற்றுவார்கள். ரெசினைச் சிமெண்டிலோ பாலிமரிலோ கெட்டிப்படுத்துவார்கள்.

கடைசியாகப் புதைப்பது. நம் நாட்டு நடைமுறையில் ஒவ்வொரு நிலையமும் தன் தாழ்நிலைக் கழிவைத் தன் வளாகத்துக்குள்ளேயே தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே புதைக்கிறது. லேசானதுக்கு மண் அகழி, அடுத்ததுக்குக் கான்கிரீட் அகழி, கடுமையானதுக்குச் சுமார் 4 மீட்டர் ஆழமுள்ள, உள்ளே இரும்பும் வெளியே கான்கிரீட்டும் கொண்ட உருளைக் குழி. 1987ஆம் ஆண்டு விதிகள் இதற்கென்றே உள்ளன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. ஆக, ஃபில்டர் ரஷ்யாவுக்கும் போகாது, கடலுக்கும் போகாது, கோலாருக்கும் போகாது.

ராதாபுரம்_வாத்தியார்

எத்தனை காலம் அங்கே இருக்கும் ஐயா?

பழைய_பேட்ஜ்

காவல் காக்க வேண்டிய காலம் 300 ஆண்டு என்று கணக்கு. கோபால்ட்-60 சுமார் 5.3 ஆண்டில் பாதியாகும், 53 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீசியம்-137க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகும் காலம், 30 ஆண்டு. பத்து முறை பாதியானால் 1,024இல் ஒரு பங்கு, அதுதான் 300 ஆண்டு. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் பத்து முறை இரண்டால் வகுத்துக் காட்டுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

ஐசோடோப்பு_வார்டு

திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். தைராய்டு நோயாளிக்கு அயோடின்-131 கொடுக்கிற வார்டில் கழிவுநீரைத் தனித் தொட்டியில் தேக்கி வைத்து, கதிர் குறைந்த பிறகுதான் வெளியே விடுவோம். அதற்கு அரை ஆயுள் 8 நாள், ஆகவே எங்களுக்குப் பொறுமை இருந்தால் போதும். தத்துவம் ஒன்றுதான். அங்கே 8 நாளுக்குப் பதில் 30 ஆண்டு. பொறுத்திருக்க வேண்டியவர் அந்தக் குழியைக் கட்டியவர் உயிரோடு இல்லாத காலத்து ஆள்.

கடலோரம்

அதைத்தான் நான் கேட்க வந்தேன். 2023 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்து, ரயில் பாதை அரித்து, ஸ்ரீவைகுண்டத்தில் ஜனங்கள் ரயிலிலேயே மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் சுனாமி. ராதாபுரம் வறண்ட தாலுகா, மழையே இல்லாத ஊர் என்று சொல்லித்தானே எல்லாத் திட்டமும் போடுகிறார்கள்? அந்த மழை நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் பெய்தது. அகழிக்குள் அப்படித் தண்ணீர் இறங்கினால்?

சிமெண்ட்_மண்

அக்கா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். நான் சிவில் இன்ஜினியர், அணு வேலை பார்த்தவன் இல்லை. நிலத்தடி நீர், கான்கிரீட் இரண்டும் தெரியும். புதைகுழியின் பகைவன் தண்ணீர்தான்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் மேக்ஸி ஃப்ளாட்ஸ் என்று ஓர் இடம். 1963 முதல் 1977 வரை தாழ்நிலைக் கழிவைப் புதைத்தார்கள். மண் இறுகியது, தண்ணீர் புகாது என்ற நம்பிக்கை. உள்ளே நசுக்காமல் போட்ட பெட்டிகள் நாளாவட்டத்தில் உட்கார்ந்தன, மேல்மூடி மண் பள்ளம் விழுந்தது, மழைநீர் இறங்கியது. அடிமண் இறுகியிருந்ததால் இறங்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. நிறைந்து பக்கவாட்டில் கசிந்தது. மூடிவிட்டு ஆண்டுக்கணக்காகத் தண்ணீரை இறைக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று நெவாடா மாநிலத்துப் பீட்டி. அது பாலைவனம். அங்கே 2015 அக்டோபரில் கனமழை பெய்து, பழைய குழி ஒன்றில் துருப்பிடித்த டிரம்களுக்குள் தண்ணீர் போய், அதில் இருந்த சோடியம் உலோகம் தீப்பிடித்து வெடித்தது. வறண்ட ஊர்தானே என்பது பதிலாகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நன்றாகச் செய்தால் தடுக்கலாம் என்பதும் உண்மை. நசுக்கிப் போட்டால் உள்ளே வெற்றிடம் இருக்காது, மூடி உட்காராது. மேல்மூடியில் களிமண் அடுக்கு, சரிவு, வடிகால் வேண்டும். கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது, கான்கிரீட்டுக்குள் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். நம் ஊர்க் கடற்கரையில் கட்டிய எந்த வீட்டின் சன்ஷேடைப் பார்த்தாலும் தெரியும், சிமெண்ட் பொக்கை விட்டுக் கம்பி வெளியே நிற்கும். அதற்கேற்ற கான்கிரீட் போட்டார்களா என்று கேட்கவேண்டும். ரெசினிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த மணிகள் தண்ணீர் குடித்தால் ஊதும். சிமெண்டில் அளவுக்கு மீறிக் கலந்துவிட்டால் டிரம்மே வெடிப்பு விடும்.

பழைய பேட்ஜ் ஐயாவின் 300 ஆண்டுக் கணக்கிலும் ஒன்று சேர்க்கணும். ரெசினில் சீசியம் மட்டும் இல்லை. நிக்கல்-63க்கு அரை ஆயுள் சுமார் 100 ஆண்டு, 300 ஆண்டில் எட்டில் ஒரு பங்குதான் ஆகும். கார்பன்-14க்கு 5,730 ஆண்டு. அளவு சிறிது, ஊடுருவும் சக்தியும் குறைவு. ஆனாலும் எந்தக் குழியில் எவ்வளவு என்று எழுதி வைக்காமல் 300 ஆண்டில் கேட்டைத் திறந்துவிட முடியாது.

பழைய_பேட்ஜ்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. நீண்ட ஆயுள் கொண்டவற்றுக்குத் தனி வரம்பு உண்டு, அதை மீறினால் மேலோட்டமான குழியில் வைக்கக் கூடாது. குழிகளைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறு தோண்டி, தண்ணீர் எடுத்துச் சோதிக்கவும் வேண்டும்.

காற்றாலை_பணகுடி

எல்லாரும் சேர்ந்து ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மண்ணில் மோனசைட் என்ற தாது இருக்கு, அதில் கதிரியக்கத் தோரியம் இருக்கு. அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கே ஆள் வாழ்கிறார்கள். உலகத்தில் சராசரி மனிதனுக்கே இயற்கையில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. பூட்டி வைத்த நாலு ஃபில்டருக்கு இவ்வளவு பேச்சா?

கடலோரம்

தம்பி, மணலைக் கடல் கொண்டுவந்து போட்டது, அதற்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லை. ஃபில்டரைக் கழற்றியது ஆள், பையில் கட்டியது ஆள், குழியில் இறக்கியது ஆள். ஆள் செய்ததுக்குக் கணக்கு இருக்கணும். அதைக் கேட்டால் பயமுறுத்துவதா? எனக்கு உலையை மூடு என்று சொல்லக்கூட இந்த இழையில் ஆசை இல்லை. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, என் பேரன் யாரிடம் போய்க் கேட்பான், அதைச் சொல்லுங்கள்.

காற்றாலை_பணகுடி

கணக்குக் கேட்பது சரிதான் அக்கா. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஷட்டவுன்_வேலை

ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். சீட்டுதான் ஜாதகம் என்று ஐயா எழுதியதால் இதைச் சொல்கிறேன். நம்ம ஜில்லா இல்லை, வடக்கே ஒரு நிலையத்தில் ஷட்டவுன் சமயம், அதாவது பராமரிப்புக்காக உலையை நிறுத்தியிருந்தபோது, ஒப்பந்த ஆளாகப் போயிருந்தேன். ஃபில்டர் மாற்றும் கும்பலில் நானும் ஒருத்தன். முதல் பைகளுக்கெல்லாம் ஒழுங்காக அளந்து சீட்டு எழுதினார்கள். ஷிப்ட் முடியப்போகிற நேரத்தில் அவசரம். மேஸ்திரி பைகளை வரிசையாக அடுக்கச் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை எழுதி ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டார். மீட்டர் மேசைமேல் அப்படியே இருந்தது. நான் கேட்டதுக்கு, "எல்லாம் ஒரே ரூம் ஃபில்டர்தானடே" என்றார். அடுத்த தடவை அந்த ஆளிடம் எனக்கு வேலை கிடைக்கவில்லை.

யார்மேலும் புகார் சொல்ல எழுதவில்லை. அந்தப் பைகளில் ஏதாவது ஒன்று தப்பான குழியில் இருந்தால், அதை யாரும் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த எண்ணம் இன்னும் உறுத்துகிறது.

பழைய_பேட்ஜ்

தம்பி, இதை எழுதியதுக்கு நன்றி. படிக்கையில் எனக்கு வயிறு கலங்கியது. ஒரே அறையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஃபில்டரில் ஒன்று 1 காட்டும், இன்னொன்று 5 காட்டும். காற்று எல்லா இடத்திலும் ஒரே சீராக ஓடாது. அதற்குத்தான் பைக்குப் பை அளக்கச் சொல்கிறது விதி. சிமெண்ட், களிமண், இரும்பு என்று எதை வைத்துக் கட்டினாலும், உள்ளே போனது என்ன என்ற சீட்டு பொய்யானால் கட்டிய கணக்கெல்லாம் பொய். அளக்கிற ஆளும் புதைக்கிற ஆளும் வேறு வேறு பிரிவாக இருக்கவேண்டும், புதைப்பதற்கு முன் இன்னொரு முறை அளக்கவேண்டும். ஒழுங்கான இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. எல்லா நாளும் எல்லா ஷிப்டிலும் நடக்கவேண்டும். ஒப்பந்த ஆள் கேள்வி கேட்டால் வேலை போகும் என்ற நிலை இருக்கிறவரை அது நடக்காது.

ராதாபுரம்_வாத்தியார்

இரவு முழுக்க இதையே யோசித்தேன். 300 ஆண்டு பின்னால் போனால் பூலித்தேவன் சின்னப் பையன். அதற்கப்புறம் நாயக்கர் ஆட்சி முடிந்து, நவாப் வந்து, கும்பெனி வந்து, பாளையங்கள் அழிந்து, வெள்ளைக்காரன் போய், ஜில்லாவே எத்தனை தடவை பிரிந்தது! இத்தனைக்கும் நடுவே எந்த அலுவலகப் பதிவேடு ஒரே மேசையில் தங்கியது? தங்கியது கோயில் சுவரில் வெட்டிய எழுத்து. பாண்டியன் காலத்தில் விட்ட நிலத்துக்குக் கீழெல்லை எது, தென்னெல்லை எது என்று இன்றைக்கும் நம் ஊர்க் கல்வெட்டில் படிக்கலாம்.

பிரான்சு நாட்டில் லா மான்ஷ் என்ற இடத்தில் 1969 முதல் 1994 வரை ஐந்து லட்சம் கன மீட்டருக்கு மேல் இதே மாதிரிக் கழிவைப் புதைத்து மூடியிருக்கிறார்கள். எந்தப் பெட்டி எங்கே என்ற ஆவணங்களை நெடுநாள் கெடாத தாளில் அச்சிட்டு, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கிறார்கள். எதிர்கால ஜனங்கள் படிக்கச் சுருக்கமான ஏடும் தயாரிக்கிறார்கள். கணினியை மட்டும் நம்பவில்லை. நம் ஊரில் அப்படி ஒரு பிரதி ராதாபுரம் தாலுகா ஆபீஸிலும், பஞ்சாயத்திலும், தமிழில் இருக்கவேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம் என்று நினைக்கிறேன். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். என்னென்ன கேட்கலாம்?

சிமெண்ட்_மண்

பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லித் தட்டிவிட முடியாத கேள்வியாகக் கேளுங்கள் சார். 2012இல் மத்திய தகவல் ஆணையம் கூடங்குளத்தின் தள மதிப்பீட்டு அறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் தரச் சொல்லியே, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. ஆகவே வரைபடம், கட்டட உள்ளமைப்பு எதையும் கேட்காதீர்கள். அளவும் சோதனை முடிவும் கேளுங்கள்.

ராதாபுரம்_வாத்தியார்

இரவு உட்கார்ந்து எழுதிய வரைவு இது:

"கூடங்குளத்தின் முதல் இரண்டு அலகுகளும் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஆண்டுவாரியாக எத்தனை கன மீட்டர் தாழ்நிலைத் திடக் கழிவு சேர்ந்துள்ளது? அதில் முதல், இரண்டாம், மூன்றாம் வகை ஒவ்வொன்றும் எவ்வளவு? எவ்வளவு புதைக்கப்பட்டது, எவ்வளவு கட்டடத்துக்குள் சேமிப்பில் உள்ளது? பயன்படுத்திய ரெசின் எந்த முறையில் கெட்டிப்படுத்தப்படுகிறது? புதைக்குமுன் இரண்டாம் முறை அளக்கும் நடைமுறை உண்டா? 2023 டிசம்பர் 17, 18 மழையின்போது கழிவு வைத்துள்ள இடங்களில் தண்ணீர் தேங்கியதா, அதன்பின் சோதனை நடந்ததா? கழிவுப் பதிவேட்டின் பிரதி நிலையத்துக்கு வெளியே எங்கு, யார் பொறுப்பில் உள்ளது?"

பழைய_பேட்ஜ்

நன்றாக இருக்கிறது. மூன்றாம் வகையைக் கேட்கும் இடத்தில் கார்ட்ரிட்ஜும் ரெசினும் தனித்தனியாக எவ்வளவு என்று சேருங்கள். 3, 4 அலகுகள் ஓடத் தொடங்கினால் இடம் போதுமா என்றும் ஒரு வரி.

கடலோரம்

கண்காணிப்புக் கிணறு என்று சொன்னீர்களே, அதில் எடுத்த தண்ணீரின் அளவுகள் வேண்டும். வளாகத்துக்கு வெளியே எந்தெந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள், மீனும் உப்பும் எந்தக் கரையில் எடுக்கிறார்கள், அதையும் ஊர்ப் பெயரோடு கேளுங்கள். எங்கள் ஊர் பட்டியலில் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லி அடுத்த மனு நான் போடுகிறேன். மனுவைத் தமிழிலேயே எழுதலாம்தானே?

ராதாபுரம்_வாத்தியார்

எழுதலாம் அம்மா, வட்டார ஆட்சிமொழியில் கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் சொன்னதும் ஐயா சொன்னதும் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை தபாலில் போகிறது. முப்பது நாளில் பதில் வரவேண்டும், வந்ததும் பக்கம் பக்கமாக இங்கேயே போடுகிறேன். பதில் ஆங்கிலத்தில் வந்தால் மொழிபெயர்க்கப் பேட்ஜ் ஐயாவும் சிமெண்ட் தம்பியும் கை கொடுக்கவேண்டும்.